முகப்பருவும் மூன்று மாதக் காத்திருப்பும்

முகப்பருவுக்கு நல்ல மருந்துகள் உண்டு. ஆனால், எந்த மருந்தும் பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பிடிக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ, திங்கள்கிழமை காலை பள்ளி மணி அடிப்பதற்குள் முகம் தெளிந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் விழும் இடைவெளியில்தான் மெடிக்கல் ஷாப் ஸ்டீராய்டு கிரீமும் செல்போன் வீடியோ வைத்தியமும் நுழைந்துவிடுகின்றன. சீட்டில்லாமல் விற்கப்படும் கிரீம்களால் கெட்டுப்போன முகங்களைத் தோல் மருத்துவர்கள் பார்த்தபடியே இருக்கிறார்கள். கடைக்காரரின் ஆசை, பிள்ளையின் அவசரம் என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. அந்த மூன்று மாதங்களைக் கடக்க வீட்டிலோ பள்ளியிலோ துணை கிடைக்காதபோது, கடைதான் கைக்கெட்டும் ஆறுதலாகிறது.

அழுக்குக்குப் பங்கில்லை

12 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது. வளரிளம் பருவத்தில் ஆண், பெண் இருபாலருக்கும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடுகின்றன. அவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. மயிர்க்கால் துளைக்குள் உதிரும் செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைக்கின்றன. அடைப்புக்குள், தோலில் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ள முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் பரு மிகுதியாக வருவது இதனால்தான். பெற்றோருக்குக் கடுமையான பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்.

பெண் பிள்ளைகளுக்கு 11, 12 வயதிலேயே தொடங்கிவிடலாம். ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்தி வந்தாலும், 16 முதல் 18 வயதுக்குள் கடுமையாக இருக்கும். பலருக்கு இருபதுகளிலும் தொடர்கிறது. ‘வயசுக் கோளாறு, தானாப் போயிடும்’ என்பது பெரியவர்களின் வழக்கமான ஆறுதல். எட்டாம் வகுப்பில் தொடங்கிக் கல்லூரி முடியும்வரை பருவோடு இருக்கிற ஒருவருக்கு அந்த ஆறுதலால் எந்தப் பயனும் இல்லை.

முகம் கழுவாததால் பரு வருவதில்லை. கரும்புள்ளி கருப்பாகத் தெரிவதற்கும் தூசி காரணமில்லை. துளையில் அடைபட்டது காற்றுப் பட்டு நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். நாளுக்கு இரண்டு முறை மென்மையான சோப்போ ஃபேஸ் வாஷோ போதும். ஆறேழு முறை தேய்த்துக் கழுவினால் தோல் வறண்டு எரிச்சல் கூடும். ஆனாலும், பரு உள்ள பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவது ‘ஒழுங்கா மூஞ்சி கழுவுறியா?’ என்பதுதான். கேட்பவர் அக்கறையாகவே கேட்கலாம். கேட்கும் பிள்ளைக்கு அது ‘நீ சுத்தமில்லாதவள்’ என்றுதான் காதில் விழும்.

உணவு விஷயத்திலும் இதே கதை. மைதா, சர்க்கரை போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவுகளும், சிலருக்குப் பாலும் பருவைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பஜ்ஜி, வடையின் எண்ணெய் நேராக முகத்தில் வந்து வழிகிறது என்பதற்கு ஆதாரமில்லை. உணவை மாற்றினால் மட்டுமே பரு ஓடிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. வீட்டில் மற்றவர்கள் முறுக்குத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பரு உள்ள பிள்ளையின் கையிலிருந்து மட்டும் முறுக்கைப் பிடுங்குவது வைத்தியமாகாது, தண்டனைதான்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையைப் பல பள்ளிகள் ஒழுக்கத்தின் அடையாளமாகவே பார்க்கின்றன. தலையில் வழிய வழிய வைக்கும் எண்ணெய் நெற்றியிலும் காதோரத்திலும் இறங்கித் துளைகளை அடைப்பதால் சிலருக்கு அங்கே பொரிப்பொரியாகப் பரு வரும். எண்ணெய் வைக்காமல் வந்தால் வரிசையிலிருந்து வெளியே நிறுத்துவது. வைத்து வந்து பரு கிளம்பினால் ‘மூஞ்சியைப் பாரு’ என்பது. இரண்டும் ஒரே வளாகத்தில்தான் நடக்கின்றன.

‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்ற வாக்குக்கு மருத்துவத்தில் இடமே இல்லை. அது ஒரு பிரச்சினையைத் தள்ளிப்போடவும் செய்கிறது. மாதவிடாய் தவறித் தவறி வருவது, முகவாயிலும் மேலுதட்டிலும் முடி தடிப்பது, எடை கூடுவது ஆகியவற்றோடு பருவும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண் இதை அப்பாவிடம் சொல்ல மாட்டாள். அம்மாவும் அதைக் கல்யாணச் சந்தையின் கண்ணோடு பார்த்து மறைக்கச் சொன்னால், மருத்துவரிடம் பரு மட்டும் போய்ச் சேரும். மாதவிடாய் வீட்டிலேயே தங்கிவிடும்.

இரண்டே பரு, இருநூறு யோசனை

பரு தோலின் பிரச்சினை. மனத்தின் பிரச்சினையாக அது எப்போது மாறுகிறது என்பதில்தான் பெரியவர்கள் தவறுகிறார்கள். பருவின் கடுமைக்கும் வேதனையின் கடுமைக்கும் கணக்கு ஒத்துவராது. முகம் நிறையப் பருவோடு மேடையேறிப் பேசுகிற மாணவர் உண்டு. கன்னத்தில் இரண்டே பரு இருக்க, நான்கு நாள் பள்ளிக்குப் போகாத மாணவரும் உண்டு. ‘இதுக்கா இவ்வளவு அலட்டிக்கிறே?’ என்ற கேள்வி அந்த இரண்டாம் பிள்ளையின் வாயை அடைத்துவிடும். அப்புறம் எதையும் வீட்டில் சொல்லாது.

பரு மனத்தைப் பாதிக்கிறது என்பதற்கு வலுவான ஆய்வுகள் உள்ளன. பிரிட்டனில் 1986 முதல் 2012 வரையிலான பொது மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2018-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, பரு என்று மருத்துவர் உறுதிசெய்த முதல் ஆண்டில் மனச்சோர்வு நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்ததைக் கண்டது. காலம் செல்லச் செல்ல அந்த அபாயம் குறைந்தது. ஆக, துணை அதிகம் தேவைப்படும் நேரம் சிகிச்சையின் தொடக்க மாதங்கள்தான். மருந்து இன்னும் வேலைசெய்யத் தொடங்காத மாதங்களும் அவையே.

நார்வே தலைநகர் ஆஸ்லோவில் 18, 19 வயதினர் 3,775 பேரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கடுமையான பரு உள்ளவர்களிடம், நண்பர்களோடு ஒட்டுதல் குறைவாகவும் பள்ளியில் மனம் பொருந்தாமலும் இருப்பது கூடுதலாகக் காணப்பட்டது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் பெண்களிடம் இரு மடங்கும், ஆண்களிடம் மூன்று மடங்கும் மிகுதியாக இருந்தது. பரு ஒன்றே அதற்குக் காரணம் என்று இப்படிப்பட்ட ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், பருவைப் பார்க்கிற மருத்துவரும் பெற்றோரும் மனத்தையும் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

ஆண்களிடம் தெரியும் அந்த மூன்று மடங்கு கவனிக்கத்தக்கது. ‘ஆம்பளப் பையனுக்கு என்ன மூஞ்சி?’ என்று நினைப்பதால் அவர்களை யாரும் கேட்பதே இல்லை. தங்கையின் பருவுக்குக் கடலை மாவு குழைக்கிற வீட்டில் அண்ணன் பருவுக்குக் கிண்டல்தான். அவன் சலூனில் பிளீச் செய்துகொள்வான். பருவின் மேலேயே பிளேடு ஓட்டிக்கொள்வான். நண்பன் தரும் டியூபை வாங்கிப் பூசுவான். ஜிம்முக்குப் போகத் தொடங்கிய சில பையன்களுக்குப் புரோட்டீன் பவுடர் குடித்த பின் பரு கூடுவதும் உண்டு. உடம்பை ஏற்ற ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு முதுகிலும் மார்பிலும் கடும்பரு வரும்.

பிள்ளை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அடையாளங்கள் தெரியும். கொரோனா காலத்து முகக்கவசத்தை இன்னும் கழற்றாமல் இருப்பது, முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொள்வது, வகுப்பில் எப்போதும் ஒரே பக்கக் கன்னம் மட்டும் தெரியும்படி உட்காருவது, குரூப் போட்டோ எடுக்கும் நாளில் காய்ச்சல் வருவது, குளியலறையில் முக்கால் மணி நேரம் கண்ணாடி முன் நிற்பது, கண்ணாடியையே தவிர்ப்பது, பருவைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்குவது. கடைசியாகச் சொன்னது சிலருக்குக் கையை நிறுத்த முடியாத பழக்கமாகவே ஆகிவிடும். ‘கிள்ளாதே’ என்று அதட்டி அதை நிறுத்த முடியாது. மனநல உதவி தேவைப்படலாம்.

வாய்கள் செய்யும் வேலை

பரு மறைந்த பிறகும் வேதனை மறையாததற்கு நம் தோலின் நிறமும் ஒரு காரணம். மாநிறத்திலும் கருப்பிலும் பரு ஆறிய இடத்தில் கருமை தங்கும், மாதக்கணக்கில் இருக்கும். பரு போய்விட்டது என்று மருத்துவர் மகிழும்போது, பிள்ளையின் கண்ணுக்கு முகம் முழுக்கப் புள்ளிகள்தான் தெரியும். சிவப்புத் தோலுக்கு ஏங்குகிற ஊரில் இந்தப் புள்ளிகளுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்துவிடுகிறது. முகப்பூச்சுக் கம்பெனி ஒன்று 2020-இல் தன் பிரபலமான கிரீமின் பெயரிலிருந்து சிவப்பழகைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டது. கல்யாண விளம்பரங்களில் அது பத்திரமாக இருக்கிறது.

கல்யாண மண்டபத்தில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒன்றரை வருடம் கழித்துப் பார்க்கும் பெரியம்மா, பெண்ணின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புகிறார். ‘என்னடி மூஞ்செல்லாம் இப்படி ஆயிருச்சு? நல்லா இருந்தியே!’ பக்கத்தில் இருப்பவர் சந்தனமும் மஞ்சளும் சொல்கிறார். இன்னொருவர் உடம்புச் சூடு என்கிறார். வெந்தயத்தை ஊறவைக்கச் சொல்கிறார். ‘யாரோ உன்னை நினைச்சுக்கிட்டு இருக்காங்க’ என்று ஒரு சித்தப்பா கண்ணடிக்கிறார். நான்கு பேருக்கும் அந்தப் பெண் மேல் பாசம்தான். நான்கு பேரும் அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்கவில்லை. பந்தியில் அவள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து பாதி இலையோடு எழுந்துவிடுகிறாள். அடுத்த கல்யாணத்துக்கு ‘எனக்கு டெஸ்ட் இருக்கு’ என்று சொல்லிவிடுவாள்.

பள்ளியில் இது இன்னும் பச்சையாக நடக்கும். ‘பலாப்பழம்’, ‘பணியாரம்’ என்று பட்டப்பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், ஒன்பதாம் வகுப்பில் வைத்தது பிளஸ் டூ வரை வரும். வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியரே ஒருநாள் சிரித்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டால், அந்தப் பெயருக்கு அரசு முத்திரை விழுந்த மாதிரி.

கைப்பேசி இதற்கு மேல் ஒரு வேலை செய்கிறது. செல்ஃபி கேமராவின் ஃபில்டர், துளையே இல்லாத ஒரு தோலைப் பிள்ளையின் முகத்திலேயே ஒட்டிக் காட்டுகிறது. முன்பு ஒப்பிட்டுப் பார்க்க நடிகையின் முகம் இருந்தது. இப்போது தன் முகத்தையே, ஃபில்டர் போட்டதையும் போடாததையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

எதிர்த் திசையில் நடந்ததும் உண்டு. 2015-இல் வந்த மலையாளப் படமான ‘பிரேமம்’ தமிழ்நாட்டிலும் நன்றாக ஓடியது. அதில் மலர் டீச்சராக வந்த சாய் பல்லவி, நீலகிரி மாவட்டத்துப் பெண், கன்னத்துப் பருக்களை மறைக்காமலே நடித்தார். பரு இருப்பதால் தன்னை ஏற்பார்களா என்ற தயக்கம் தனக்கும் இருந்ததைப் பின்னர் பேட்டிகளில் சொன்னார். சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றை அவர் மறுத்ததும் செய்தியானது. ஒரு படத்தால் ஊர் மாறிவிடாது. ஆனால், பரு உள்ள முகத்தை அழகானதாகவும் ஆசிரியையாகவும் காதலியாகவும் திரையில் பார்த்த பெண் பிள்ளைகளுக்கு அது ஆயிரம் ஆறுதல் வார்த்தைக்குச் சமம்.

கடை வாசலில்

மாலை ஆறு மணி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மெடிக்கல் ஷாப். யூனிஃபார்ம் சட்டையோடு ஒரு பையன், மற்றவர்கள் வாங்கிப் போகும்வரை ஓரமாக நிற்கிறான். கூட்டம் குறைந்ததும் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, ‘அண்ணா, இதுக்கு ஏதாவது குடுங்க’ என்கிறான். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு டியூபை எடுத்து வைக்கிறார். விலை சில பத்து ரூபாய். ‘ராத்திரி போட்டுப் படு, நாலு நாள்ல போயிடும்.’

நாலு நாளில் போய்விடவும் செய்கிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் உடனே அமுக்கும். நிறத்தையும் சற்று வெளுக்கவைக்கும். கடைக்காரரை ஊரே புகழும். சில வாரங்களில் தோல் மெலிகிறது. வெயில் பட்டால் எரிகிறது. மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. பெண் பிள்ளைக்குக் கன்னத்தில் முடி வளர்கிறது. எந்தப் பருவுக்காகப் பூசினார்களோ, அந்தப் பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்புகிறது. நிறுத்தினால் முகம் கொதிக்கிறது. அதனால் மறுபடி அதே டியூப். இப்படி ஸ்டீராய்டுக்கு அடிமையாகிக் கெட்ட முகத்துக்கென்று தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள்.

இந்தியாவில் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் பூசிவந்தது தெரிந்தது. அவர்களில் கால்வாசிப் பேர் பருவுக்காகப் பூசியவர்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு. பக்கவிளைவுகளில் முதலிடம் பிடித்தது பருவேதான்.

2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. விதி அட்டைப் பெட்டியில் அச்சாகியிருக்கிறது. கடையில் சீட்டுக் கேட்பவர்கள் குறைவு. வாங்கியவர் தானே பார்த்துக்கொள்ள ஒரு வழி: டியூபின் மேல் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளுவோசினோலோன் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, பருவுக்கு உரியதில்லை. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசியிருந்தால் சட்டென்று நிறுத்துவதைவிட, டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போவது நல்லது. பிள்ளை டியூபைக் காட்டும்போது திட்டு விழுந்தால் அடுத்த டியூபைப் புத்தகப் பைக்குள் ஒளித்துவைக்கும்.

வீட்டு வைத்தியத்தில் மஞ்சளும் சந்தனமும் பெரும்பாலும் தீங்கில்லாதவை. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சை பூசிய முகத்தோடு வெயிலில் போனால் கருமை படியும்.

வீட்டில் செய்யக்கூடியது

பரு சிகிச்சை பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். மருத்துவர் பென்சாயில் பெராக்சைடு எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மருந்து, ஆனால், துணியை வெளுக்கவைக்கும். ஒரே வாரத்தில் புதுத் துண்டிலும் தலையணை உறையிலும் வெள்ளைத் திட்டு விழும். அம்மா சத்தம் போடுவார். பிள்ளை மருந்தை விட்டுவிடும். பழைய வெள்ளைத் துண்டு ஒன்றையும் வெள்ளைத் தலையணை உறை ஒன்றையும் முதல் நாளே எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தச் சண்டையே இல்லை. எந்த அறிவுரையையும்விட இது பெரிய துணை.

இரவில் பூசும் அடாபலீன் போன்ற மருந்துகள் முதல் சில வாரங்களில் தோலை உரியவைக்கும், எரியவைக்கும். பரு கூடியது போலவே தெரியும். பரு மேல் மட்டும் புள்ளி வைப்பது தவறு. முகம் முழுவதற்கும் சேர்த்துப் பட்டாணி அளவு போதும். எரிச்சல் தாங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாம். ‘மூணாவது வாரம் மோசமாத் தெரியும், பயப்படாதே’ என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிள்ளை தாக்குப்பிடிக்கும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும்; விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாயில் புண் வரும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

தழும்பு விழும் கடும்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை தரப்படுகிறது. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்ற மருந்து, பலன் பெரிது. கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்குக் கடும் பாதிப்பை உண்டாக்கும் என்பதால் பெண்களுக்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. அது மனநிலையைப் பாதிக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. பிரிட்டன் 2023-இல், 18 வயதுக்குட்பட்டவருக்கு இந்த மாத்திரையைத் தொடங்க இரண்டு மருத்துவ வல்லுநர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும், மனநிலையை விசாரிக்க வேண்டும் என்றும் விதித்தது. இங்கே அந்த விதி இல்லை. மாத்திரை சாப்பிடும் மாதங்களில் தூக்கம், எரிச்சல், பேச்சுக் குறைவு ஆகியவற்றைக் கவனிக்கும் வேலை வீட்டாருடையது.

பேச்சைப் பொறுத்தவரை எளிய ஒரு வரம்பு போதும். பிள்ளை தானாகப் பேச்செடுக்காதவரை முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பருவே இல்லாதது போல நடிக்க வேண்டும் என்று பொருளில்லை. ஒருமுறை, தனியாக, சாதாரணக் குரலில், ‘இது உனக்குத் தொந்தரவா இருக்கா? டாக்டர்கிட்ட போலாமா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். ‘வேண்டாம்’ என்றால் சில வாரம் கழித்து மறுபடி கேட்கலாம். கல்யாண மண்டபத்தில் பெரியம்மா தாடையைப் பிடிக்கும்போது, ‘டாக்டர்கிட்ட பார்த்துக்கிட்டிருக்கோம் அக்கா’ என்று அம்மா குறுக்கே புகுந்துவிட்டால், மகளுக்கு அது நினைவில் நிற்கும்.

மருத்துவர் அறையில் பாதி நேரமாவது பிள்ளை தனியாகப் பேச இடம் விட வேண்டும். பருவைவிடப் பெரிதான ஒன்று வெளியே வரக் காத்திருக்கலாம்.

பள்ளியும் மருத்துவமனையும்

பள்ளிகள் செய்ய வேண்டியவற்றுக்கு அதிகப் பணம் தேவைப்படாது. உடலமைப்பைச் சொல்லி வைக்கும் பட்டப்பெயர்களை, சாதியைச் சொல்லி அழைப்பதைப் போலவே விதிமீறலாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஆசிரியர் அறையிலேயே தொடங்க வேண்டியிருக்கும். மருத்துவர் சொன்னால் தலையெண்ணெய்க் கட்டாயத்திலிருந்து விலக்கு தரலாம். அறிவியல் பாடத்தில் ஹார்மோன்களையும் பருவமடைதலையும் நடத்தும் ஆசிரியர், பரு எப்படி உருவாகிறது என்று பத்து நிமிடம் கூடுதலாகப் பேசினால், வகுப்பில் பாதிப் பேருக்கு அது தங்கள் கதையாக இருக்கும்.

ஆர்பிஎஸ்கே எனப்படும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதன் பட்டியலில் தோல் நோய்கள் உண்டு. சொறி சிரங்கு, பூஞ்சைத் தொற்று, கரப்பான் ஆகியவையே அதில் உள்ளவை. எட்டாம் வகுப்புக்கு மேல் பருவையும் அதில் சேர்த்து, ‘மருந்து பூசுகிறாயா, யார் சொன்னது?’ என்ற கேள்வியையும் கேட்டால், ஸ்டீராய்டு கிரீம் பூசும் பிள்ளைகள் முகம் கெடுவதற்கு முன்பே தெரியவருவார்கள். 2014-இல் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர்ப் பலகையில் ‘முகப்பரு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், மனச்சோர்வு என்ற பெயரில் ஒருபோதும் வராத பிள்ளைகள் பருவின் பெயரில் வருவார்கள்.

பிரிட்டனின் தேசியச் சுகாதார வழிகாட்டு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பரு சிகிச்சை வழிகாட்டுதல், பரு உள்ளவருக்குக் கடும் மனவேதனை இருந்தால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவும் மனநலப் பிரிவும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில்தான் இயங்குகின்றன. தோல் பிரிவு ஓ.பி.யில் மருத்துவர் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: பருவால் எங்கேயாவது போகாமல் இருந்திருக்கிறாயா? கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல், மனம் கனத்து இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் பக்கத்துக் கட்டடத்துக்கு ஒரு சீட்டு.

உடனடி உதவிக்கு, 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் மனநல சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1098 எண்ணும் உண்டு. வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும், பருவுக்காகவா என்று சிரித்துவிடாமல் அன்றே இந்த எண்களில் ஒன்றை அழைக்க வேண்டும். தனியாக விடக் கூடாது.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு, பள்ளி, கல்லூரிப் பேருந்து நிறுத்தங்களை ஒட்டிய கடைகளிலிருந்து தொடங்கலாம். முதல் மாதம் அபராதம்கூட வேண்டாம். ஸ்டீராய்டு பூச்சு எத்தனை டியூப் வந்தது, எத்தனை சீட்டு இருக்கிறது என்ற கணக்கை மட்டும் கேட்டாலே போதும்.

கடைசியாக, மறுவருகை. பரு சிகிச்சைக்கு வருபவரை ‘மூணு மாசம் கழிச்சு வா’ என்று அனுப்பிவிடுவது வழக்கம். தோல் பிரிவில் கூட்டம் அதிகம் என்பது உண்மை. நான்காவது வாரத்தில் ஒருமுறை பயிற்சி பெற்ற செவிலியரோ மருந்தாளுநரோ ஐந்து நிமிடம் பார்த்து, மருந்து எப்படிப் பூசுகிறார், எரிச்சல் உண்டா, பள்ளிக்குப் போகிறாரா, வேறு டியூப் ஏதும் வாங்கினாரா என்று கேட்டுச் சீட்டில் குறித்து அனுப்பலாம். ஊரிலிருந்து வர முடியாதவருக்கு அதைத் தொலைபேசியிலேயே செய்துவிடலாம்.